ஷரோல்தா உலர்த்திய கல்

தராசு முள் நிற்கவில்லை.

ஷரோல்தா தராசின் கண்ணாடிக் கதவைச் சாத்திவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். தட்டில் இருந்தது ஒரு சிட்டிகை கல்மாவு, அவ்வளவுதான். யாரும் எதையும் அள்ளிப் போடவில்லை. இருந்தும் முள் ஏறிக்கொண்டே போனது. ஒரு கோடு, இன்னொரு கோடு, அதற்கு மேல் அரைக்கோடு. மாவு தன்பாட்டுக்குக் கனத்துக்கொண்டிருந்தது.

"வில்மா, வெளியில டிராம் எதுவும் போச்சா?"

பக்கத்து மேசையில் சோதனைக் குழாய்களைத் துடைத்துக்கொண்டிருந்த வில்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "டிராம் போனா முள்ளு ஆடும். ஏறாதுடி. பதினெட்டு வருஷமா அதைத்தானே கட்டிக்கிட்டு அழற, உனக்குத் தெரியாததா?"

ஷரோல்தாவுக்குத் தெரியும். காய்ந்த கல் காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடிக்கிறது. குடிப்பதால்தான் கனக்கிறது. இந்தக் கல் காய்ந்திருக்கவே கூடாது. காயவைத்தது யார்? வேறு யார், அவளேதான். அவள் அப்படியே முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

மிஷ்கோல்ஸ் நகரத்து ஓரத்தில், எழுபத்தொன்பதாம் வருஷம் நவம்பர் பதின்மூன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு நடந்தது இது. சிலர் இதை வேறு மாதிரி சொல்லுவார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். நடந்தது இதுதான்.

பார்தா ஷரோல்தா தொகாய் மலைப்பக்கத்துப் பெண். அப்பன் திராட்சைத் தோட்டத்தில் மண்வெட்டி பிடித்தவன். பதினாறு வயதில் ஒரு துணிமூட்டையோடு நகரத்துக்கு வந்தாள். முதலில் செங்கல் சூளையில் கல் அடுக்கினாள். அப்புறம் இந்த ஆய்வகத்தில் கண்ணாடிப் பாத்திரம் கழுவினாள். கழுவியதில் ஒன்றைக்கூட உடைக்கவில்லை என்பதால் ஒருநாள் அவளைக் கூப்பிட்டுத் தராசு முன் உட்காரவைத்தார்கள். தராசிலிருந்து அடுப்புக்குப் போனாள். அந்தக் கருவிக்கு வாயில் நுழையாத பேர் ஒன்று உண்டு. ஆனால் அங்கே எல்லோரும் அதை அடுப்பு என்றுதான் சொல்லுவார்கள்.

அடுப்பென்றால் சோறு பொங்கும் அடுப்பு இல்லை. கட்டைவிரல் அளவு பிளாட்டினக் கிண்ணத்தில் கல்மாவை வைத்து, ஒரு தராசுத் தண்டின் தலையில் உட்காரவைத்து, மேலே உலையைக் கவிழ்ப்பார்கள். நிமிஷத்துக்குப் பத்துப் பாகை என்று சூடு ஏறும், ஆயிரம்வரை. கல்லிலிருந்து எந்தச் சூட்டில் எவ்வளவு தண்ணீர் போகிறது, எங்கே அது சூட்டை விழுங்குகிறது, எங்கே உமிழ்கிறது என்பதையெல்லாம் நான்கு ஒளிப்புள்ளிகள் இருட்டுப் பெட்டிக்குள் சுற்றும் புகைப்படத் தாளில் கோடாக எழுதும். ஒரு மணி நாற்பது நிமிஷம். அதுவரை அந்த அறையில் யாரும் அதிர நடக்கக்கூடாது. ஷரோல்தா செருப்பைக் கழற்றிவைத்துவிட்டுக் கம்பளிக் காலுறையோடுதான் நடப்பாள். தாளைக் கழுவி எடுத்தால்தான் கல் என்ன சொல்லியது என்று தெரியும்.

அவள் புருஷன் கால்மான் இரும்பாலையில் வேலை. "எங்க உலையில இரும்பு உருகுது. உன் உலையில கல்லு வேர்க்குது. இதுக்கு உனக்குச் சம்பளம் வேற" என்று கேலி பண்ணுவான். அவளும் விடமாட்டாள். "உருக்கறதுக்குப் பலம் போதும். வேர்வைய எண்றதுக்குத்தான் புத்தி வேணும்" என்பாள்.

வருஷக்கணக்காக அந்த அடுப்புக்கு வந்ததெல்லாம் செங்கல் மண், பீங்கான் மண். மண் என்றால் ஒரு முறை உண்டு. முதல்நாள் சாயங்காலம் நூற்றைந்து பாகைச் சூட்டுப் பெட்டியில் வைத்து ராத்திரி முழுக்க உலர்த்தி, மறுநாள் எடுத்து நிறுக்க வேண்டும். மேலே ஒட்டியிருக்கும் மழைத்தண்ணி கணக்கில் வரக்கூடாது அல்லவா? அவள் கை அதைத் தூக்கத்தில்கூடச் செய்யும்.

அந்த வருஷம் வந்ததோ புதுக் கல். பழைய எரிமலைச் சாம்பல் இறுகிப்போன வெளிர்ப்பச்சைக் கல். சியோலைட் என்றார்கள். அதற்குள் கண்ணுக்குத் தெரியாத கோடானுகோடி அறைகள். அறைக்கு அறை தண்ணீர். சூடு காட்டினால் தண்ணீர் ஓடிவிடும், அறைகள் இடியாமல் நிற்கும். ஆறவிட்டால் காற்றிலிருந்து ஈரத்தைக் குடித்து மறுபடி நிரம்பிவிடும். பன்றிக் கொட்டிலில் போட்டால் நாற்றத்தை இழுக்கும், சாக்கடைத் தண்ணியைச் சுத்தம் பண்ணும் என்றெல்லாம் பேச்சு. நல்ல கல்லா, சோனிக் கல்லா என்பது அது எவ்வளவு தண்ணீர் விடுகிறது என்பதில் தெரியும். அதனால்தான் தலைமைப் பொறியாளர் செபெஷி, முப்பத்திரண்டு வயதுப் பிள்ளை, ஷரோல்தாவை ஷாரி என்று சுருக்கிக் கூப்பிடுகிறவர், முதலிலேயே படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். "ஷாரி அக்கா, இதை மட்டும் உலர்த்தாதீங்க. உப்பு ஜாடியில வைங்க. எல்லாக் கல்லும் ஒரே அளவு ஈரம் குடிக்கட்டும். அப்புறம் அடுப்புல ஏத்துங்க." அடியில் ஈர உப்பு கிடக்கும் மூடி போட்ட கண்ணாடி ஜாடி அது. அவளும் தலையை ஆட்டியிருந்தாள்.

சோதனைக்கு வந்தவை இரண்டு மலையின் கற்கள். இரண்டில் எந்த மலையைத் தோண்டுவது என்று தலைநகரத்தில் முடிவு செய்வார்கள். ஒன்று ஆற்றுக்கு அந்தப் பக்கத்து மலை. இன்னொன்று, கேளுங்கள், ஷரோல்தாவின் சொந்த ஊர் மலை.

ஊரே அதற்காகக் காத்துக் கிடந்தது. திராட்சை நோய்கண்டு போய்விட்டது, வயசுப் பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராக ஆலைக்கு ஓடிவிட்டார்கள். சுரங்கம் திறந்தால் நாற்பது பேருக்கு வேலை, பஸ்ஸும் தினம் வரும். சோதனைக் குழி தோண்டிக் கல் எடுத்து மூட்டை கட்டியனுப்பியவன் அவள் தம்பி பாலிந்த்.

ஐந்தாம் தேதி திங்கட்கிழமை சாயங்காலம், வேலை முடிகிற நேரத்தில், அந்தத் தம்பி வாசல் கம்பிக்கதவில் வந்து நின்றான். கையில் ஒரு ஜாடி வாத்துக் கொழுப்பு.

"அக்கா, நம்ம கல்ல கொஞ்சம் பாத்துப் பண்ணு."

"என்னத்தடா பாத்துப் பண்றது? கல்லு சொல்றதத்தான் எழுத முடியும்."

"கல்லு பேசாதுக்கா. நீதான் பேசணும்."

"வாத்துக் கொழுப்பக் குடுத்து எங்கிட்ட பேச்சு வாங்கலாம்னு பாக்கறியா?"

"அட, அது நீ ரொட்டில தடவித் திங்கறதுக்கு. கல்லுக்கா ஊட்டச் சொன்னேன்?"

"எடுத்துக்கிட்டுப் போடா. யாராவது பாத்தா என் மானம் போயிடும்."

அவன் எடுத்துக்கொண்டு போகவில்லை. காவலாளியிடம் கொடுத்துவிட்டுப் போனான். காவலாளி வாய் சும்மா இருக்குமா? மறுநாளே ஆய்வகம் முழுக்கத் தெரிந்துவிட்டது.

அந்தத் திங்கட்கிழமை அவன் கீழே நிற்கிறான் என்று ஆள் வந்து சொன்னபோது ஷரோல்தா கையில் மூன்று தட்டுகள் இருந்தன. இரண்டில் செங்கல் மண், ஒன்றில் ஊர்க் கல்மாவு. மனசு வாசலுக்குப் போய்விட்டது. கை மூன்றையும் சூட்டுப் பெட்டிக்குள் தள்ளிக் கதவைச் சாத்தியது. மறுநாள் செவ்வாய். புதன்கிழமை ஏழாம் தேதி புரட்சி நாள் விடுமுறை, அதனால் அரைநாளில் எல்லாவற்றையும் முடித்தாக வேண்டும். அவசர அவசரமாக எடுத்தாள், முள் காட்டிய முதல் எண்ணை எழுதிக்கொண்டாள், அடுப்பில் ஏற்றினாள், மிச்ச மாவை, காற்றின் ஈரம் புகாமல் மூடிவைக்கும் உலர்ஜாடியில் வைத்தாள். ஊர் மலை நூற்றுக்கு ஆறு பங்கு தண்ணீர் விட்டது. வெள்ளிக்கிழமை எதிர் மலைக் கல்லை ஏற்றும்போது பொறியாளரே பக்கத்தில் நின்றார். அது ஒழுங்காக உப்பு ஜாடியிலிருந்து வந்தது. நூற்றுக்குப் பதினொன்று.

"உங்க ஊரு மலை சோனிதான் போல, ஷாரி அக்கா" என்று பொறியாளர் அனுதாபமாகச் சொன்னார். அறிக்கை தட்டச்சாகி அவர் மேசைக்கு வந்துவிட்டது. பதினான்காம் தேதி புதன்கிழமை பன்னிரண்டே முக்கால் ரயிலில் அவர் அதை எடுத்துக்கொண்டு தலைநகரத்துக்குப் போகிறார். அதற்கு முந்தின நாள் செவ்வாய்க்கிழமை காலையில் வேறொரு சோதனைக்காக வில்மா ஊர்க் கல்லின் மிச்ச மாவில் ஒரு சிட்டிகை கேட்டாள். அதை நிறுத்துக் கொடுக்கப் போனபோதுதான் முள் ஏறியது.

"வில்மா, நான் கல்ல உலத்திட்டேன்டி."

வில்மா துணியைக் கீழே வைத்தாள். வந்து தராசைப் பார்த்தாள். அப்புறம் போய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"உங்கிட்டத்தான்."

"அப்ப எங்கிட்டயும் சொல்லல. கேட்டியா? நீ இப்பப் போயி, 'எங்க ஊரு கல்லு நல்ல கல்லு, நாந்தான் தப்பாப் பண்ணிட்டேன்'னு சொன்னா என்ன சொல்வாங்க தெரியுமா? கொழுப்பு வேல செய்யுதுன்னு சொல்வாங்க."

"அந்தக் கொழுப்ப நான் தொடக்கூட இல்ல."

"தொட்டா என்ன, தொடாட்டி என்ன? ஜாடி வந்தது ஊருக்கே தெரியும்."

வில்மா சொன்னதில் தப்பு இல்லை, அதுதான் கஷ்டம். வாயைத் திறந்தால் தம்பிக்காகப் பொய் சொன்னவள் என்ற பேர். திறக்காவிட்டால் நல்ல மலைக்குச் சோனி மலை என்ற பேர். மலைக்கு ஒருமுறை அப்படி எழுதிவிட்டால் யார் போய் இரண்டாம் தடவை தோண்டப் போகிறார்கள்?

பதினோரு மணிக்குப் பொறியாளர் அறைவரை போனாள். உள்ளே தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். திரும்பி வந்துவிட்டாள். மதியம் உணவுக்கூடத்தில் கசகசா தூவிய நூடுல்ஸ் போட்டார்கள். மணலை மெல்லுவதுபோல் இருந்தது. ஒரு மணிக்கு மறுபடி போனாள். கதவு திறந்துதான் இருந்தது. அவர் தலை நிமிர்ந்து, "என்ன ஷாரி அக்கா?" என்றார். "ஒண்ணுமில்ல, ஜன்னல் தெறந்திருக்கான்னு பாத்தேன்" என்று சொல்லிவிட்டு வந்தாள். நவம்பர் குளிரில் எவன் ஜன்னலைத் திறந்துவைப்பான்? தன் மடத்தனத்தை நினைத்துப் பாத்திரம் கழுவும் இடத்தில் நின்று அழுதாள். குழாயைத் திறந்துவிட்டுத்தான் அழுதாள், வெளியே கேட்கக்கூடாதே என்று.

மூன்றாம் தடவை உள்ளே போய், கதவைச் சாத்திக்கொண்டு, நின்றபடியே சொன்னாள். "எங்க ஊரு கல்ல நான் சூட்டுப் பெட்டில வச்சிட்டேன். ஆறுன்னு வந்தது பொய்."

செபெஷி பேனாவைக் கீழே வைத்தார். கன்னம் சிவந்தது. "நான்தான் உலர்த்தக் கூடாதுன்னு சொன்னேனே."

"சொன்னீங்க."

"ஒருவாரம் கழிச்சு இன்னைக்கு ஞாபகம் வந்துதா? ரயிலுக்கு ஒரு நாள் இருக்கறப்பவா?" கொஞ்சம் நிறுத்தி, "அந்த வாத்துக் கொழுப்பு எப்படி இருந்துது அக்கா, ருசியா?" என்றார்.

அது சுருக்கென்று தைத்தது. "நீங்க என்னை நம்ப வேணாம். தராசை வந்து பாருங்க" என்றாள்.

வந்தார். உலர்ஜாடியிலிருந்து அவரே ஒரு சிட்டிகை எடுத்துத் தட்டில் போட்டார். முள் ஏறியது. கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். ஐந்து நிமிஷம் கழித்தும் ஏறிக்கொண்டிருந்தது. "பதிவேட்ட எடுங்க" என்றார்.

பதிவேட்டில் 'உலர்த்தியதா?' என்று ஒரு கட்டம் உண்டு. ஆறாம் தேதிக்கு நேரே அது வெறுமையாகக் கிடந்தது. அவள் பேனாவை எடுத்தாள். அவர் கையை நீட்டித் தடுத்தார். "பழைய கட்டத்துல கை வைக்காதீங்க. இன்னைக்குத் தேதியப் போட்டுக் கீழ எழுதுங்க. முழுசா எழுதுங்க."

எழுதினாள். 'நவம்பர் ஐந்தாம் தேதி மாலை இந்தக் கல்லை நூற்றைந்து பாகையில் உலர்த்தினேன். உலர்த்தக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். தவறு என்னுடையது. பார்தா ஷரோல்தா.' பதினெட்டு வருஷத்தில் அந்தப் பதிவேட்டில் அவள் எழுதிய முதல் முழு வாக்கியம் அதுதான். மற்றதெல்லாம் எண்கள்.

"சரி. மறுபடி ஏத்தலாம்" என்றார் பொறியாளர். "ஆனா எது எந்த மலைன்னு உங்களுக்குத் தெரியக் கூடாது. நானும் வில்மாவும் மூட்டைலருந்து புதுசா எடுத்து அரைச்சு ரெண்டு ஜாடில வைப்போம். ஒண்ணு, ரெண்டுன்னு மட்டும் இருக்கும். எது எதுங்கறது என் பையில உறைக்குள்ள இருக்கும். ஒத்துக்கறீங்களா?"

"அதத்தான் நானும் கேக்கணும்னு இருந்தேன்" என்றாள். அது நிஜம் இல்லை. அவளுக்கு அப்படித் தோன்றவே இல்லை. வீறாப்புக்குச் சொன்னாள்.

சாயங்காலம் வீட்டில் கால்மான் சூப்பை உறிஞ்சிக்கொண்டே அவள் முகத்தைப் பார்த்தான். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "ஒரு சிட்டிகை மாவுக்கா இந்த முகம்? எங்க உலையில நாப்பது டன்னு பாழாப்போனாக்கூட மறுபடி உருக்கிடுவோம்" என்றான்.

"மலைய மறுபடி உருக்க முடியாது, கால்மான்."

"அப்படியே நாளைக்கும் ஆறுன்னு வந்துட்டா?"

அந்தக் கேள்வியை அவள் அதுவரை தன்னிடம் கேட்டுக்கொள்ளவில்லை. கரண்டி கையிலேயே நின்றுவிட்டது. வந்துவிட்டால்? கல் நிஜமாகவே சோனியாக இருந்து, தான் இத்தனை கூத்தும் அடித்திருந்தால்? அப்புறம் அவன் எதைச் சொல்லியும் அவளுக்குக் காதில் விழவில்லை.

புதன்கிழமை ஏழு மணிக்கே அடுப்பைத் தயார் பண்ணினாள். ஒன்றாம் ஜாடியைத் திறந்தாள். மாவு வெளிர்ப்பச்சை. இரண்டாம் ஜாடி மாவும் அதே வெளிர்ப்பச்சை. பிறந்து வளர்ந்த மலைதான், அதன் மண்ணில் புரண்டவள்தான். இருந்தாலும் எது தன்னுடையது என்று அவளால் சொல்ல முடியவில்லை. சொல்ல முடியாததில் ஒரு நிம்மதி இருந்தது. கிண்ணத்தில் போட்டாள், நிறுத்தாள், முள் நிற்கும்வரை காத்திருந்தாள். இந்தத் தடவை முள் நின்றது. உலையைக் கவிழ்த்தாள்.

ஏழு இருபதிலிருந்து ஒன்பதுவரை அந்த அறையில் அவள் சுவரோடு சுவராக நின்றாள். வெளியே நிலக்கரி வண்டி ஒன்று போனது. தரை அதிர்ந்தபோது கையால் சுவரை அழுத்திப் பிடித்தாள், பிடித்தால் கட்டிடம் ஆடாதிருக்கும் என்பதுபோல். காவலாளி எட்டிப் பார்த்து, "இன்னைக்கு என்ன வேகுது, தங்கச்சி?" என்றான். விரலை உதட்டில் வைத்து முறைத்த முறைப்பில் அவன் ஓடிவிட்டான். ஒன்பதேகாலுக்கு, குளிர்ந்திருந்த இன்னொரு உலையை எடுத்து இரண்டாம் கல்லின்மேல் கவிழ்த்தாள். பதினொன்றுக்கு அது முடிந்தது.

சிவப்பு விளக்கு அறைக்குள் மூன்று பேரும் நின்றார்கள். ஷரோல்தா முதல் தாளைத் திரவத்தில் போட்டுத் தட்டை மெல்ல ஆட்டினாள். வெறும் வெள்ளை. அப்புறம் சாம்பல் நிறத்தில் ஒரு இழை. எடையின் கோடு அது. எப்போதும் அதுதான் கடைசியில் தெளியும், அன்று அதுவே முதலில் தெரிந்தது. கோடு இறங்கியது. ஆறைத் தாண்டிக் கீழே போனது. எட்டு, ஒன்பது. வில்மா அவள் தோளைப் பிடித்தாள். இரண்டாம் தாளும் அப்படியே சரிந்து இறங்கியது. இரண்டில் எதுவும் ஆறில் நிற்கவில்லை.

"அளவுகோல" என்றார் பொறியாளர். அவர் குரலும் ஒரு மாதிரிதான் இருந்தது. அறிக்கையில் அவர் கையெழுத்தும் இருக்கிறதல்லவா?

ஈரத் தாளின்மேல் அளந்தார். ஒன்றாம் கல் பத்தரை, இரண்டாம் கல் பதினொன்று. சட்டைப் பையிலிருந்து உறையை எடுத்துக் கிழித்தார். ஒன்று என்றிருந்தது அவள் ஊர்க் கல். எதிர் மலை அரைப் பங்கு கூட.

"அரைதான் கொறச்சல்" என்றாள் வில்மா.

"கொறச்சல் கொறச்சல்தான்" என்றாள் ஷரோல்தா. தட்டை மேசையில் வைத்துவிட்டாள். சிரிப்பதா அழுவதா என்று அவளுக்கே தெரியவில்லை.

பொறியாளர் அறிக்கையில் ஆறை அடித்துப் பத்தரை என்று எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். தாள்களை ஒற்றுத்தாளுக்கு நடுவே வைத்துப் பையில் திணித்துக்கொண்டு ரயிலுக்கு ஓடினார். கதவருகே நின்று, "கொழுப்பப் பத்திச் சொன்னேனே, அது..." என்று இழுத்தார். "ரயிலு போயிடும்" என்றாள் அவள். மன்னிப்பு கேட்க வருகிறவரை முழுக்கக் கேட்க விட்டால் என்னவாம்? விடமாட்டாள். அவள் சுபாவம் அது.

மூன்று வாரத்தில் முடிவு வந்தது. எதிர் மலையை முதலில் தோண்டுகிறார்கள். அங்கே ரயில் பாதையும் பக்கம். அவள் ஊர் மலையை 'தகுந்தது, பின்னால் பார்க்கலாம்' என்று எழுதி வைத்தார்கள். அந்த வருஷம் சிறந்த தொழிலாளர் பட்டியலில் அவள் பேரை எடுத்துவிட்டார்கள். அதை அவள் எதிர்பார்த்துத்தான் இருந்தாள். தம்பி வந்து கத்தப்போகிறான் என்ற பயம்தான் பெரிதாக இருந்தது.

பாலிந்த் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் வந்தான். தொப்பியைக் கழற்றவில்லை. அடுக்களை நாற்காலியில் உட்கார்ந்து கால்மான் ஊற்றிக் கொடுத்த பிளம் சாராயத்தைக் குடித்தான்.

"நம்ம கல்லு ஆறுன்னு சொல்லிட்டாங்கன்னு ஊர்ல பேச்சு" என்றான் கடைசியில்.

"ஆறு இல்லடா. அது நான் பண்ணின தப்பு. நான் உலத்திட்டேன்."

"நீயா?"

"நான்தான். எழுதியும் குடுத்துட்டேன்."

அவன் அவளையே பார்த்தான். அவள் மேசை விரிப்பின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப நெசத்துல எவ்வளவு?"

"பத்தரை. அவங்களுது பதினொண்ணு."

"அரைதான் வித்தியாசம்?"

"அரைதான்."

"நீ மறுபடி வச்சுப் பாத்தியா?"

"கண்ணக் கட்டிவிட்ட மாதிரி வச்சுப் பாத்தேன். எது நம்மளுதுன்னு எனக்கே தெரியாது."

பாலிந்த் சாராயக் கோப்பையைக் கீழே வைத்தான். "சுரங்கம் வரலங்கறது எனக்கு ஆறாதுக்கா, அத வேற மாதிரி சொல்லமாட்டேன்" என்றான். பிறகு கோபமாகவே, "ஆனா ஆறுன்னு சொல்றாங்களே, நம்ம மலைய! ஊர்ல அப்படிப் பேசற பசங்ககிட்டப் போயி நான் என்ன சொல்லணும்? இன்னொரு தடவ சொல்லு" என்றான்.

"பத்தரை" என்றாள் ஷரோல்தா.

"பத்தரை" என்று அவன் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டான். எழுந்து கோட்டுப் பொத்தான்களைப் போட ஆரம்பித்தான்.